மொட்டைக்கு மூன்றாவது பூச்சு

அப்பாவின் விரலில் டாக்டர் மாட்டிய கிளிப் எதையும் காட்டவில்லை. எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும் மினுக்கின.

"விரல்ல என்னம்மா இது, பிளாஸ்டிக் மாதிரி?"

"பசை," என்றாள் மகள். "காலையில ஒட்டிக்கிச்சு. அதனாலதான் காட்டல. வேற விரல்ல மாட்டிப் பாருங்க."

டாக்டர் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். பாதி சவரத்தில் எழுந்து ஓடி வந்ததால் ஒரு கன்னத்தில் நுரை இருந்தது. வேறு விரலில் மாட்டினார். மறு கையில் மாட்டினார். மார்பில் காது வைத்துக் கேட்டார். கண்ணுக்குள் டார்ச் அடித்தார். கடைசியில் கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு என்றது. கருவியில் கோளாறு இல்லை.

"அப்பா போயிட்டாரும்மா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சமையலறையில் பெரிய பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல போய் அடுப்பை அணைச்சிடு."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

அதிர்ச்சி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். பாத்திரத்துக்குள் வெந்துகொண்டிருந்தவை நான்கு கிட்டார் கம்பிகள் என்பது அவருக்குத் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் அணைத்தாலும் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நிமிஷமும் அவள் அடுப்பெதிரே நின்றாள். பிறகு அணைத்தாள். பிறகுதான் அழுதாள், அதுவும் மூடியைப் பிடித்துக்கொண்டு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் ஊரை மேலும் கீழும் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு பேஸ் கிட்டாரோடு வீட்டுக்கு வந்தார். பேஸ் என்பது பாட்டில் தனியாகக் காதில் விழாத அடித்தொண்டைச் சத்தம்; இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை, எடுத்துவிட்டால் பாட்டுக்கு இடுப்பொடிந்துவிடும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த உத்தியோகம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மற்ற கிட்டார்களின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருக்கும். கட்டத்துக்குள் எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக விழும். இதில் அவை கிடையாது. வெறும் பலகை. ஒரு நூல் தள்ளி விரல் வைத்தால் சுரமும் ஒரு நூல் தள்ளிப் போய் விழும். கடையில் இருந்தவற்றில் இதுதான் மலிவு. குறுக்குக் கம்பி போடாததால்தான் விலை குறைவு என்று கடைக்காரர் சொன்னதை அப்பா முழுசாக நம்பினார். தெரிந்தவர்கள் ஆயுசு முழுக்கப் பழகினாலும் வசப்படாத வாத்தியத்தைச் சிக்கன நடவடிக்கையாக வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் மொட்டை.

மொட்டையின் பலகை மட்டமான மரம். கம்பி உரசி உரசி அதில் பள்ளம் விழுந்தது. தொட்டால் சுரத்துக்குப் பதிலாக ஙொய்ங் என்றது. வேறு வாங்க ஓய்வூதியம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அப்பா ஒரு சட்டம் போட்டார்: மொட்டையின் வைத்தியத்துக்கு வீட்டுக்குள் இருக்கும் பொருள் மட்டும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டிக் கம்பிகளின் அடியில் செருகினார், சத்தம் மெத்தென்று வந்தது. கரன்ட் இரைச்சலை அடக்க, உள்குழியில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னப் பாலம் உடைந்தபோது மகளைப் பார்த்தார். அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவள். அதனால் அவர் அவளைக் கூப்பிடுவது பல்லி என்று. செயற்கை ஈறு செய்யும் மாவில் மிச்சத்தைக் கொண்டுவந்து பாலம் வார்த்துக் கொடுத்தாள். மொட்டைக்கு ரோஸ் நிறத்தில் ஈறு வந்தது.

பள்ளம் விழுந்த பலகைக்குச் செருப்பு ஒட்டும் சூப்பர் பசை. மூன்று பூச்சு பூசி, காயவைத்து, தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகும். இன்று காலை மூன்றாவது பூச்சு. புதுக் கம்பி வாங்குவதற்குப் பதில் பழைய கம்பியை வேகவைத்து அழுக்கெடுப்பது. எல்லாம் முடிந்தால் சாயங்காலம் மொட்டை பாடும் என்று காலையில் அறிவித்திருந்தார்.

பாடாது என்று அறிவித்தவர் அடுத்த ஃபிளாட்டிலிருந்த பெரியப்பா. கோர்ட்டில் கிளார்க்காக இருந்தவர். காப்பி குடிப்பதற்கும் இரண்டு காரணம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்; குடும்பத்தில் அவருக்குப் பெயர் பாயின்ட். எந்த நாற்காலியையும் கைக்குட்டையால் தட்டாமல் உட்கார மாட்டார். அவருடைய கால்சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம். பதினோரு மாதமாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மொட்டையைக் கேட்டுக் கேட்டு நொந்துபோய், நேற்றுச் சாயங்காலமும் கதவைத் தட்டினார்.

"டேய், நீ கட்டையில போற வரைக்கும் அந்தக் கட்டை பாடாதுடா."

"எழுதிக் குடுண்ணா."

பெரியப்பா எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நபர் கட்டையில் போகும்வரை மேற்படி கட்டை பாடாது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கையெழுத்து, தேதி. அப்பா வயிறு குலுங்கச் சிரித்து, அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

பன்னிரண்டு மணிக்குள் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மின்மயானத்து வண்டி நான்கு மணிக்கு. பெரியப்பா போனில் யாரிடமோ நேரம், முகவரி, மாடி எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு சொல்லி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கத்தான் போனார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மகள் பின்னால் போனபோது காந்தம் அவர் கையில் இருந்தது.

"பெரியப்பா. அந்தப் பேப்பரை வெச்சிடுங்க."

"இது இப்போ எதுக்கும்மா? வர்றவங்க கண்ணுல படும்."

"படட்டும்."

"அந்தக் கிட்டாரையும் என் வீட்ல கொண்டுபோய் வெச்சிடறேன். ஃபர்ஸ்ட் பாயின்ட், இடத்தை அடைக்குது. செகண்ட் பாயின்ட்..."

செகண்ட் பாயின்ட் வரவில்லை. அவருக்கு இப்படி ஆனதை அவள் பார்த்ததே இல்லை.

அவள் பேப்பரை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க எழுதினது கட்டையில போற வரைக்கும்னு. அப்பா போகப்போறது கரன்ட்ல. அதனால இது செல்லாது. நாலு மணிக்குள்ள மொட்டை பாடும். அப்பா வீட்ல இருக்கும்போதே பாடும்."

"பைத்தியமா உனக்கு? பொணம் கிடக்குது உள்ள."

"அவர்தான் பெரியப்பா சாயங்காலம்னு சொன்னார். நான் கொஞ்சம் முன்னாடி வைக்கிறேன், அவ்வளவுதான்."

ஒரு மணிக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வாசலிலேயே ஆரம்பித்துக் கட்டில்வரை ஒரே மூச்சில் அழுதாள். மூச்சு வாங்க நிமிர்ந்தவள் கண்ணில் அடுப்பும் பாத்திரமும் பட்டன.

"பெத்தவன் செத்துக் கிடக்கிறான், உனக்கு சூப்பு கேக்குதாடி?" என்று மூடியைத் திறந்தாள். "ஐயோ, பாம்பு!"

"கம்பி, அத்தை."

"கம்பியையா வேகவைப்பாங்க? உங்க அப்பன் கெட்டது போதாதுன்னு உன்னையும் கெடுத்து வெச்சிருக்கானே!" என்றவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை விசில்?" என்றாள்.

மகள் கம்பிகளைத் துண்டில் சுற்றி ஈரம் ஒற்றினாள். தண்ணீர் துருவும் விரல் அழுக்குமாகக் கறுத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் மொட்டை மல்லாந்து கிடந்தது. காலையில் அப்பா விட்ட இடத்திலேயே தூரிகையும் பசையும். பார்க்க வந்த குடித்தனக்காரர்கள் கட்டிலைப் பார்த்துக் கைகுவித்துவிட்டு, மேஜையைப் பார்த்ததும் எந்தப் பக்கம் துக்கம் விசாரிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மாடி வீட்டு மாமி கிட்டாரைப் பார்த்து "ரொம்ப நாளா உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதாகப் பிறகு பேச்சு.

ஜன்னல் வெளிச்சத்தில் அத்தைதான் முதலில் கண்டாள்.

"இங்க பாருடி. ரேகை. அண்ணன் ரேகை!"

மூன்றாவது கம்பி ஓட வேண்டிய இடத்தில், காய்ந்த பசையின் பளபளப்புக்கு நடுவே ஒரு விரல் அழுந்தியிருந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு அழியாமல். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார். காயவில்லை. அவருக்கு எதிலுமே ஐந்து நிமிஷம் பொறுக்காது. பாதி பசை விரலோடு போய்விட்டது, மீதி மேடாக நின்றுவிட்டது.

"இதைத் தொடாதே. கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிடலாம்," என்றாள் அத்தை.

மகளும் தொடவில்லை. அந்த இடத்தைச் சுற்றி மட்டும், பல் மெருகேற்றும் மெல்லிய தாளை நனைத்துத் தேய்த்தாள். பல் கட்டும் கூடத்தில் முன்பின் தெரியாதவர்களின் பற்களுக்கு இதைத்தான் செய்கிறாள். வாய்க்குள் ஒரு மேடு இருந்தால் நாக்கு நாள் முழுக்க அங்கேயே போகும் என்பார் முதலாளி. கம்பிகளை ஏற்றினாள். போனைப் பக்கத்தில் வைத்துச் சுதி சேர்த்தாள். ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் செருகினாள்.

எப்போதும் ஊ என்று இரையும் பெட்டி மூச்சு விடவில்லை.

"வேலை செய்யலடி," என்றாள் அத்தை.

"செய்யுது. நேத்து ராத்திரி அப்பா தாளு ஒட்டினது பலிச்சிருக்கு. இரைச்சல் இல்ல."

எல்லோரும் அந்த இரைச்சலின்மையைக் கொஞ்ச நேரம் கேட்டார்கள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா தினமும் வாசித்த நான்கு சுரம் மட்டும் எங்கெங்கே விரல் போகும் என்று தெரியும். முதல் சுரம் உருண்டு வந்தது. மேஜைமேல் இருந்த கரண்டி அதிர்ந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது ரேகையின் மேல் விழுந்தது.

ஙொய்ங்.

வாசலருகே நின்றிருந்த பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மறுபடி வாசித்தாள். ஙொய்ங். மூன்றரை மணி. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வண்டிக்காரர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

அவள் மூன்றாவது கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினாள். தாளைத் தண்ணீரில் நனைத்தாள். நனைத்துவிட்டு, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி," என்றாள் அத்தை. இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "அவன் விரல்டி அது."

"அப்பா அழகு பாக்கறதுக்கா அத்தை விரல் வெச்சார்? காஞ்சிடுச்சான்னு பாக்க வெச்சார். காயல. இப்போ காஞ்சிடுச்சு."

தேய்த்தாள். மொட்டை மேஜைமேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கையால் பிடித்தால் தேய்க்க வரவில்லை, தேய்த்தால் பிடிக்க வரவில்லை. பெரியப்பா வந்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை, அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, மொட்டையின் கழுத்தை முழங்கால்மேல் சாய்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ம். தேய்."

முதலில் வெளிச்சுழி போனது. பிறகு உள்சுழி. ஈரம் உலர உலரப் பசை வெள்ளை மாவாக உதிர்ந்தது. அவள் கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தாள். மேடு இல்லை. கம்பியை இழுத்துக் கட்டினாள்.

முதல் சுரம். இரண்டாவது. மூன்றாவது ஙொய்ங் என்று கத்தவில்லை, ஆனால் எங்கோ தள்ளி விழுந்தது.

"மேல," என்றார் பெரியப்பா. தலை குனிந்தே இருந்தது. "மூணாவதை எப்பவும் கீழதான் வெப்பான். எத்தனை தடவை சுவத்தைத் தட்டியிருக்கேன். இன்னும் ஒரு நூல் மேல."

அவள் விரலை நகர்த்தினாள்.

"அங்கதான்."

அது தரை வழியாக வந்தது. கட்டிலின் இரும்புக் காலில் ஏறி, ஜன்னல் கண்ணாடியில் போய் நின்றது. நான்காவதையும் வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து நான்கையும் வாசித்தாள். ஸ்ட்ரெச்சரோடு வாசலுக்கு வந்த வண்டிக்காரர், "ஏதாவது நிகழ்ச்சிங்களா? நாங்க வேணா அப்புறமா..." என்றார்.

"முடிஞ்சிடுச்சு. வாங்க," என்றாள் மகள்.

பெரியப்பா கையை நீட்டினார். "அந்தப் பேப்பர்."

கொடுத்தாள். அவர் பேனாவை எடுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'பிற்பகல் 3.48. பாடியது.' சுருக்கொப்பம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்தார்.

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மெக்கானிக் மாடிப்படி வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. திருப்பங்களில் பெரியப்பா முன்னால் நின்று, இடது, வலது, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

கீழே வெயிலில்தான் அத்தை பார்த்தாள். அவருடைய கறுப்புக் கால்சட்டையில், இரண்டு முழங்காலிலும் வெள்ளை மாவு அப்பியிருந்தது. "தட்டி விடுங்கண்ணா" என்று கையைக் கொண்டுபோனாள்.

பெரியப்பா காலை நகர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினார். மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, முழங்கால்மேல் கை படாதபடி, இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றிக்கொண்டார்.