முப்பதடி, ஒரே மரம்

மர வணிக உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, மலைச்சரிவில் வேரோடு சாய்ந்து கிடந்த பைன் மரம் ஒன்று, தன்னை அப்போதுதான் அளந்து முடித்தவரின் இடது காலை, முழங்காலுக்குக் கீழே, முறைப்படி கையகப்படுத்திக்கொண்டது.

அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான், அவருக்கு மட்டும் அது தெரியாது. பதினோரு வருடம் அண்ணனின் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் லாரிக்காரர்கள் முன்னால் அண்ணன் "டேய்" என்று கூப்பிட்டுவிட்டாராம். ரோஷத்தோடு வெளியே வந்து, ஒரு மெஷின் ரம்பமும் மூன்றாம் கைக்கு வந்த டிராக்டரும் வாங்கி, 'சுயேச்சை மரவெட்டு நிறுவனம்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். நிர்வாகம், தொழில்நுட்பம், பொதுமக்கள் தொடர்பு எல்லாம் அவர். வேலையை மட்டும் மனைவியின் தம்பி பார்த்தான்.

புயல் சாய்த்த மரங்களை எடுத்துக்கொள்ள நிலக்காரர் சம்மதித்ததும் முதலாளி நேரே அண்ணனிடம் போய், மரம் வேண்டுமா என்று மிடுக்காகக் கேட்டார். அண்ணன் காபி டம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"முப்பதடி, ஒரே மரமா கொண்டுவா. நானே வாசலுக்கு வந்து உன்னை முதலாளின்னு கூப்பிடுறேன். துண்டு போட்டுக் கொண்டுவந்தேன்னா, அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திங்கக்கிழமையிலேர்ந்து பழைய வேலைக்கு வந்துடு."

அதனால்தான் சரிவிலேயே நீளமான அந்த மரம். வேர்ப்பக்கத்தை அறுத்துவிட்டதும் அது அரை உருட்டு உருளும் என்பது மரம் வெட்டுகிற யாருக்கும் தெரியும். தள்ளி நிற்க வேண்டிய முதலாளி, அளவுநாடாவோடு ஒட்டி நின்றார். முப்பத்தோரடி. அதை வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் கால் மரத்துக்கும் தரைக்கும் நடுவில் போய்விட்டது.

மைத்துனன் யோசித்துப் பார்த்தான். டிராக்டரில் கட்டி இழுத்தால் மரம் மாமாவின் வயிற்றில் ஏறும். காலுக்கு இரண்டு பக்கமும் அறுத்து நடுத்துண்டைப் புரட்டினால் இரண்டு நிமிட வேலை. ரம்பத்தின் கயிற்றை இழுத்தான்.

"நிறுத்து மாப்ள. வெட்டினா பெரிய துண்டு எவ்வளவு நிக்கும்?"

மைத்துனன் கண்ணாலேயே அளந்தான். "பதினேழு, மாமா."

"தோண்டு."

மில்லில் கிரேன் லாரி இருக்கிறது, நாற்பது நிமிடத்தில் வந்துவிடும் என்று அவன் சொன்னதற்கு, அண்ணனுக்குப் போன் போட்டால் உறவே முறிந்துவிடும் என்று முதலாளி தரையில் படுத்தபடி எச்சரித்தார். ஆகவே அவன் தோண்டினான். மண் ஒரு சாண்தான். கீழே சரளை, அதற்கும் கீழே வேர். கடப்பாரையை எப்படிப் பிடிப்பது என்று முதலாளி பாடம் நடத்தினார். பதினொரு மணிக்கு வலி நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது, தேறி வருகிறது என்று அறிவித்தார். செருப்பு கழன்ற அவர் பாதத்தின் நிறத்தை மைத்துனன் பார்த்தான். டிராக்டருக்குப் பின்னால் போய் அக்காவுக்குப் போன் செய்தான்.

உண்மையில் முதலாளிக்கும் அதற்குள் பயம் வந்திருந்தது. மனைவி வருகிறாள் என்றதும் நிம்மதியானார். அவள் அழுவாள், திட்டுவாள், தாலி பாக்கியம் அது இது என்பாள். இவர் இரண்டு நிமிடம் முறைத்துவிட்டு, அவளுக்காக விட்டுக்கொடுப்பார். 'பொம்பளை பேச்சைக் கேட்டுக் கெட்டேன்' என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். வசனம்கூடத் தயார்.

மதியம் வந்தவள் அழவில்லை. மரத்தை அடியிலிருந்து நுனிவரை நடந்து பார்த்தாள். அவர் கையிலிருந்த நாடாவை வாங்கி அளந்தாள். அவளுடைய ஓரகத்தி, அண்ணனின் மனைவி, தன் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகளை எல்லோர் எதிரிலும் மடித்து இவளிடம் கொடுப்பாள். பட்டன் இல்லாததெல்லாம் மேலே இருக்கும். இவள் வாங்கிக்கொண்டு, ரொம்ப நல்லா இருக்கு என்பாள். பதினோரு வருடம் சொன்னாள்.

"வலிக்குதாங்க?"

"வலியா? எனக்கா?" என்றார் முதலாளி, அவளுடைய அழுகைக்கு இடம் விட்டு.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் அவள். தம்பி பக்கம் திரும்பினாள். "ஏண்டா பார்த்துக்கிட்டு நிக்கிறே? தோண்டு."

அவளும் ஒரு தட்டைக் கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி ஜாடை பேச ஆரம்பித்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார். பதினேழடி மரத்துக்கும் மதிப்பில்லாமல் இல்லை என்றார். கல்லும் கடப்பாரையும் சரளையைக் கிளறிக்கொண்டே இருந்தன. இரண்டரை மணிக்கு மானத்தை மூட்டை கட்டி வைத்தார்.

"வெட்டிடுங்க."

மைத்துனன் ரம்பத்தை நோக்கி எழுந்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காய்ச்சல்ல உளறுறார்டா. நாளைக்குத் தெளிஞ்சதும், ஏண்டி வெட்ட விட்டேன்னு என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்குவார்."

"சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி."

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க." அவள் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள், அடுத்த வாக்கியம் தண்ணீரோடு உள்ளே போனது. நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. "உங்க வைராக்கியம் எனக்குத் தெரியாதா?"

தெரியும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் சொல்லியிருக்கிறார். அவள் நம்பிவிட்டாள்.

நாலு மணிக்குக் கால் வெளியே வந்தது, வேறு யாருடையதோ போல. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, எங்கே வெட்டுவது என்று டாக்டர் யாரையும் கேட்கவில்லை. முழங்காலுக்கு நாலு விரல் கீழே வெட்டினார்.

வியாழக்கிழமை மரம் மில்லுக்குப் போனது. டிரெய்லருக்குப் பின்னால் ஒன்பதடி நீட்டிக்கொண்டிருந்ததால், அவள் அதில் சிவப்புத் துணி கட்டி, மரத்தின் மேலேயே உட்கார்ந்து போனாள். அண்ணன் சொன்ன சொல் தவறாமல் வாசலுக்கு வந்து, "முதலாளி எங்கே?" என்று கேட்டார். ஓரகத்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

முப்பதடி மரம் கேட்டு அந்த மில்லுக்கு யாரும் வந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அதை மூன்றாக அறுத்துப் போட்டார்கள்.