படையலுக்கு ஒரு போத்தல் சாஸ்

படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு போதுமா, உறைப்பு போதுமா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாலும் எச்சில் எச்சில்தான். போனவர் சாப்பிட்ட பிறகுதான் இருக்கிறவர்கள் வாய் வைக்கலாம். இந்த மாதிரி சாஸ்திரங்களோடு எனக்கு ஆயுசுக்கும் சண்டை. ஆனால் தம்பி ஹேமநாதனின் பதினாறாம் நாள் அன்று, அம்மா வீட்டு அடுப்படியில் நின்றபோது, அந்தச் சண்டையைப் போடும் தெம்பு எனக்கு இல்லை.

ஹேமன் என்னோடுதான் ஜோகூர் பாருவில் இருந்தான். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். ஒருநாள் திரும்பி வரும்போது மழையில் லோரி இடித்துவிட்டது. அவ்வளவுதான். காஹாங்கில் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் முடித்தோம். வந்தவர்கள் ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரையும் ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

அவனுக்குப் பிடித்தது ஸ்பாகெட்டி. ஞாயிற்றுக்கிழமையானால் கடையில் விற்கிற சிவப்பு சாஸ் போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். அப்படியே ஊற்றினால் வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு புளிப்பு. அதை மனுஷன் சாப்பிடுகிற பதத்துக்குக் கொண்டுவருவது அவன் வேலை. வெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் சிவக்க விடுவான். வறுத்து இடித்த நெத்திலி ஒரு கை போடுவான். அதில் சாஸை ஊற்றிச் சுண்டவிட்டு, ஸ்பாகெட்டி வெந்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்ப்பான். கடைசியில் புளிப்பை அடக்க குலா மெலாகா வெல்லத்தைக் கத்தியால் சீவிப் போடுவான். எவ்வளவு என்று கணக்கெல்லாம் கிடையாது. ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு புளிப்பு.

போதுமா என்று சொல்ல வேண்டியவள் நான். கோவிட் வந்துபோனதிலிருந்து அவனுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. வரும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். வருஷங்கள் போயின, வரவில்லை. ஆனாலும் அவன் சமைப்பதை விடவில்லை. கரண்டியை ஊதி ஆற்றி என் வாய்க்கு நேரே நீட்டுவான்.

"அக்கா, எப்டி?"

"புளிக்குது."

இன்னும் கொஞ்சம் சீவுவான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் லா."

"இப்ப?"

"ம், சரி."

நான் சரி என்றால் அடுப்பை அணைத்துவிடுவான். பிறகு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாகச் சாப்பிடுவான். "உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, அப்புறம் என்னடா இளிப்பு?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ சாப்பிடற மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்க்கா" என்றான்.

காரியம் காலையிலேயே முடிந்துவிட்டது. சாயங்காலம் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். நான் ஸ்பாகெட்டி என்றதும் எல்லாவற்றையும் முன்னின்று செய்த காளியப்பன் மாமா, "வெள்ளக்காரன் சாப்பாட யாராச்சும் படைப்பாங்களா?" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் புள்ள எத ஆசையா சாப்பிட்டானோ அதத்தான் வைக்கணும்" என்றார்.

பூண்டு, நெத்திலி, சாஸ் எல்லாம் அவன் செய்த மாதிரியே ஆயிற்று. வெல்லத்தைச் சீவிப் போட்டுக் கிளறி, பழக்க தோஷத்தில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் வாசுகி. அவன் மொதல்ல சாப்பிடட்டும்."

அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அம்மா கெஞ்சினார். அந்தக் கெஞ்சலைத் தாங்க முடியாமல் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கண் பாத்தா கை செய்யும், அள்ளிப் போடு" என்றார் மாமா.

"கண்ணுக்குப் புளிப்பு தெரியுமா மாமா?" என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

நிறத்தைப் பார்த்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. வாசனையும் இல்லாமல் ருசியும் இல்லாமல் இத்தனை வருஷம் இப்படித்தானே இவன் அடுப்பு முன்னால் நின்றான் என்று அப்போதுதான் உறைத்தது. அவனுக்குக் கேட்க நான் இருந்தேன். நான் யாரைக் கேட்பது? அதிகம் போட்டுத் தித்தித்துவிட்டால் எடுக்க முடியாது என்ற பயத்தில், போதும் என்று நானே சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தேன்.

இலையில் ஆட்டுக்கறி, வடை, ஒரு டின் பீர், நடுவில் ஸ்பாகெட்டி. மாமா சூடம் காட்டினார். பிறகு அவன் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. எதிரே செம்பனை மரங்களுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏதாவது சத்தம் கேட்காதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இதையெல்லாம் நம்பாதவள் நான்.

மாமா இருமிவிட்டுக் கதவைத் திறந்தார். இலையில் இருந்ததை அம்மா எல்லாருக்கும் பகிர்ந்து போட்டார். நான் ஸ்பாகெட்டியை எடுத்து வாயில் வைத்தேன். பல் கூசியது. போட வேண்டிய வெல்லத்தில் பாதிகூட நான் போடவில்லை.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இப்படித்தான் செய்வானா?" என்றார்.

"இல்லம்மா. இது புளிக்குது."

சட்டியில் மீதி இருந்ததை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். சீவிப் போட்டு ருசி பார்த்தேன், மறுபடி சீவினேன், மறுபடி பார்த்தேன். வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ருசி அப்படியே வந்துவிட்டது. ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவன் படத்துக்கு முன்னால் ஓடினேன். மாமா குறுக்கே வந்தார்.

"எச்சில் பட்டத வைக்கக் கூடாதும்மா. ஒரு தடவ படைச்சா படைச்சதுதான். அடுத்த வருஷம் திதிக்கு வை."

நான் தட்டோடு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்மா வந்து தலையைத் தடவினார்.

"விடு வாசுகி. அவனுக்குத்தான் நாக்குல ஒண்ணுமே தெரியாதே. புளிச்சது தெரிஞ்சிருக்காது" என்றார்.

அதைச் சொன்னதும் அம்மாவுக்கே மனசு லேசானது, முகத்தில் தெரிந்தது. ஆனால் போன இடத்தில் உடம்புக் குறை எதுவும் இருக்காது, நொறுங்கிய கால்கூட அவனுக்குச் சேர்ந்திருக்கும் என்று இத்தனை நாளும் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டதும் அம்மாதான். கால் சேர்ந்திருந்தால் நாக்கும் திரும்பியிருக்கும். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து ருசி தெரிந்து அவன் சாப்பிட்ட முதல் வாய் அதுதான். என்னக்கா இது, இப்படிப் புளிக்குது என்று திரும்பிப் பார்த்திருப்பான். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.