மேட்டில் இறங்கிய மேவிஸ்

டெஸ்மண்டின் 1951ஆம் வருடத்துக் குட்டி பைக்குக்குப் புது எஞ்சின் பொருத்தியது அவன் மனைவி மேவிஸ்தான். லேத் பட்டறையில் வேலை பார்த்தவள். தோட்டத்துக் கொட்டகையில் அட்டை வெட்டி அளவு பார்த்து, அலுமினியத் தகடு அறுத்து, செயின் நேராக ஓடும்வரை மூன்று வாரம் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"பழைய பைக் கிளப்ல, ஒரிஜினல் எஞ்சினை மாத்திட்டோம்னு கிழிகிழின்னு கிழிப்பாங்க," என்றான் டெஸ்மண்ட்.

"கிழிக்கட்டும். கிளேபிட் மேட்டுல ஏறுதான்னு மட்டும் பாரு."

ஞாயிறு காலை பட்டனை அமுக்கியதும் எஞ்சின் உயிர்பெற்றது. டெஸ்மண்டுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏறு, ஏறு! மேட்டு மேல டீ குடிச்சிட்டு வரலாம்!"

மேட்டடியில் கியர் மாற்ற வேகத்தைக் குறைத்தான். மேவிஸ் சட்டென்று இறங்கிவிட்டாள். முப்பது வருடப் பழக்கம். பழைய எஞ்சின் இருவரோடு அந்த மேட்டை ஒருநாளும் ஏறியதில்லை. இன்றைக்கோ வண்டி சீறிப் பாய்ந்தது.

"ஏறுது மேவிஸ்! ரெண்டு பேரோட ஏறுது!" என்று காலிப் பின்சீட்டிடம் கத்திக்கொண்டே போனான்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சற்று நேரத்தில் பதறியடித்துத் திரும்பி வந்தான்.

"எங்க விழுந்த?"

"விழல. நானாத்தான் இறங்கினேன். பழக்கதோஷம். சரி, நீ இறங்கு, நான் ஓட்டுறேன்."

"அப்ப நான் பின்னாடி உக்காரணுமா?"

"நீ நடந்து வா. முப்பது வருஷம் நான் நடந்தாச்சு. மேல போய் உனக்கும் ஒரு டீ சொல்லி வைக்கிறேன்."