அமிலக் குழாயின் இறப்பர்த் தோல்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வால்வின் வெட்டுப்படத்தைப் பார்த்துப் பிறந்தது. உள்ளே கதவு இல்லை, தகடு இல்லை. தடித்த இறப்பர்த் தோல் ஒன்றுதான். கைப்பிடியைத் திருகினால் அது அமுங்கிக் குழாயை அடைக்கிறது. இதில் என்ன கதை இருக்கிறதென்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

2.
முதல் தொடக்கம்: "1937. கரவனெல்ல மலைகளில் பனி மெல்ல..." சீ, வேண்டாம். பனியை யார் கேட்டார்கள்?

இரண்டாவது: இலங்கையில் கரவனெல்லவுக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டம். தொழிற்சாலையில் இறப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்துக்குச் சின்னத்தம்பி பொறுப்பு. பழைய பித்தளை வால்வு எப்போதும் ஒழுகும். அதனால் மூடிய பிறகு இரும்புக் கம்பியைக் கொடுத்து இன்னொரு முறுக்கு முறுக்குவது அங்கே வழக்கம். இறப்பர்த் தோல் வைத்த புது வால்வு வந்தது. அதற்கும் சின்னத்தம்பி அதே முறுக்கைக் கொடுத்தான். தோல் கிழிந்து, கீழேயிருந்த பால் தொட்டிக்குள் அமிலம் சொட்டத் தொடங்கியது.

(தொட்டி அப்போது காலி. பன்னிரண்டு மணிக்குப் பால் வந்துவிடும். வடிகட்டித் தண்ணீர் கலக்குமுன்பே அவ்வளவும் உறைந்து கட்டியாகிப்போனால், தோட்டத்துத் துரை வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தோடு லயத்து வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.)

3.
சின்னத்தம்பி பயந்து ஓடிப்போவதாகத்தான் எழுதியிருந்தேன். அங்கேயே இறப்பர் ஷீட் அலசிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெயம்மா விடவில்லை.

"போச்சு புள்ள. கொழும்பிலேருந்து வேற வால்வு வரணும். அதுக்குள்ள நம்ம பொழப்பே போயிரும்."

"முழு வால்வுமா போச்சு? தோலுதானங்க கிழிஞ்சிருக்கு. மூடியக் கழட்டுங்க. இறப்பர் ஷீட்டுக்கா இங்க பஞ்சம்?"

மேலே அமிலத் தொட்டியில் மிச்சமிருந்ததை ஜாடிகளில் இறக்கினார்கள். நான்கு நட்டுகளைக் கழற்றினார்கள். குழாயைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. கிழிந்த தோலைப் புகையில் காய்ந்த ஷீட்மேல் வைத்து, அளவாக வெட்டி, துளையிட்டுப் பொருத்தினார்கள். அவன் பழக்கதோஷத்தில் கம்பியைத் தேடினான்.

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்றாள். கையாலேயே திருகினான்.

(இந்த இடத்தில் கரவனெல்லக் கடை மஹ்ரூப் நானா தோலுக்குப் பதிலாக மோட்டார் டியூப்போடு ஓடிவருவதாக ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். மன்னியுங்கள் நானா, ஜெயம்மா முந்திவிட்டாள்.)

சொட்டு நின்றது. தொட்டியைக் கழுவி முடிக்கவும் வாளிகள் வந்து சேர்ந்தன. பால் பாலாகவே இருந்தது. ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

4.
முடிவு ஒன்று: துரையிடம் உண்மையைச் சொல்கிறான். துரை எழுந்து... கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: மறைத்துவிடுகிறான். நாலாம் நாள் அந்த ஷீட்டும் கிழிந்து... எழுதக் கை வரவில்லை.

ஒரு குடும்பத்தையே லயத்திலிருந்து இறக்க எனக்கு ஒரு வரி போதும். அது தெரிந்ததிலிருந்து பேனாவைத் தொடவே பயமாயிருக்கிறது.

வாசகரே, சின்னத்தம்பி இப்போதுதான் சோற்றில் கை வைத்திருக்கிறான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துரையிடம் சொன்னானா என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு கேளுங்கள். நான் வரமாட்டேன்.