வரவேற்பு மேசையில் சொன்ன பெயர்

அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என்னைக் காரில் அழைத்துப் போன என் மச்சினன், கீழே வரவேற்பு மேசையில் ஒரு பெண், மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ், என் மூத்த மகன். வெளியூர் வேலைக்குப் போயிருந்த மருமகள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை. இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

என் மகன் பெரிய கடைகளில் குளிர் அறைகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தான். மதியம் வீட்டுக்குப் போன் வந்தது. உங்கள் மகன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நாங்கள் குடியேறியிருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் இரண்டு உண்டு. கிட்டே இருந்ததற்கு முதலில் போனோம்.

மச்சினன் டாக்சி ஓட்டுபவன். வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னான். "சின்ன வயசுலேருந்தே அவனுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது அத்தான். கால்ல கட்டு போட்டுக்கிட்டுச் சிரிச்சிட்டு இருப்பான், பாருங்க."

என்னை வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான்.

வரவேற்பு மேசையில் நான் என் மகனின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு வைத்தது என் தகப்பனாரின் பெயர். அதற்கு முன்னால் என் பெயர் வரும். இரண்டையும் எழுத்தெழுத்தாக, நிறுத்தி, இந்த ஊர் பாஷையில் தவறில்லாமல் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை என்றாள். பிறகு, வேறு ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான் என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"இங்க இல்லடா. அந்த ஆஸ்பத்திரிக்கு விடு" என்றேன்.

மச்சினன் சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "அத்தான், என்ன பேர் சொல்லிக் கேட்டீங்க?"

"என்ன கேள்வி இது? அவன் பேரைத்தான்."

"முழுப் பேரா?"

"அரைப் பேர் சொல்லிக் கேக்க அவன் என்ன அநாதையா?"

விளக்கு பச்சையானது. அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அத்தான், அவன் பேரை மாத்தி நாலு வருஷம் ஆச்சு. எல்லாப் பேப்பர்லயும் இப்ப அதுதான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டான்."

"எங்ககிட்டன்னா யார் யாரு?"

"அக்காவுக்கும் தெரியும்."

"வண்டியைத் திருப்பு" என்றேன். ஒருவழிப் பாதை. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

இரண்டாம் தடவை மச்சினன்தான் மேசையில் பேசினான். இரண்டே எழுத்துப் பெயர். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெண் உடனே மூன்றாம் மாடி என்றாள். லிஃப்ட் கதவு திறந்தபோது நர்ஸ் எதிரே நின்றிருந்தாள். உயிர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்றாள்.

என் மகனுடைய சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மார்பில் அந்தப் பெயரை நூலால் தைத்திருந்தார்கள். இந்தச் சட்டையை நான் பார்த்ததே இல்லை. காரிலேயே சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான். வேலை அழுக்கை வீட்டுக்குள் கொண்டுவராத பிள்ளை என்று நான் நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பழைய பேர்ல எங்கெங்கயோ எழுதிப் போட்டார் மாமா. ஒருத்தரும் கூப்பிடல. இந்தப் பேர்ல போட்டதும் மறுவாரமே வேலை கிடைச்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"கல்யாண வீட்ல அந்த மனுஷனை நீங்க கேட்டது ஞாபகம் இருக்கா மாமா?"

இருக்கிறது. ஒருவர் தன் மகன் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார். இது பிள்ளைக்கு வைத்த பேரா, நாய்க்குட்டிக்கு வைத்ததா என்று பந்தியில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். நான் கேட்டதில் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன்.

கிளம்பும்போது நர்ஸிடம் ஒன்று மட்டும் கேட்டேன். கடைசியில் அவன் பேசினானா?

பேசினார், விடாமல் பேசிக்கொண்டே இருந்தார் என்றாள். இந்த ஊர் பாஷையில் பேசச் சொன்னோம், கேட்கவில்லை, வேறு ஏதோ பாஷையில் பேசினார், இந்தப் பெயரைப் பார்த்து அவர் இந்த ஊர்க்காரர் என்றே நினைத்திருந்தோம், அது என்ன பாஷை என்று தெரியாததால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை என்றாள்.

என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. அப்போது நான் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

பேரை மாற்றிவிட்டானே என்ற கோபத்தில் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் பிள்ளையைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன் என்று உறவில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். திரும்பிப் போனது உண்மை. அப்போது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவன் அங்கே இல்லை என்று சொன்னார்கள், நான் நம்பினேன்.