இஸ்திரியக்கா வாங்கிய கொடி ரோஜா

இஸ்திரியக்கா வீட்டு வேலியில் ஏறியிருந்த கொடி ரோஜா அச்சு மை வாசனையோடு ஒரு பூ பூத்தது. ஒன்பதாம் நாள் பிரஸ்காரர் இறந்துபோனார். அடுத்த பூ மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ஸ்டவ் ரிப்பேர் பார்ப்பவர் ஆறாம் நாளே கிளம்பிவிட்டார். மூன்றாவது பூவில் தலைவலித் தைலம். அது யாராக இருக்கும் என்று தெரு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கையில் பால் டிப்போ அம்மாள் கையில் தைலப் புட்டியோடு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் தற்செயல் என்று பேசவில்லை. ஏழு வருடத்தில் பதினோரு பேர். ஒன்பது நாளை ஒருவரும் தாண்டவில்லை.

இஸ்திரியக்கா அந்தக் கொடியை வாங்கியது இதற்காக இல்லை. அவள் புருஷன் லாரி டிரைவர். ஒரு நாள் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். அதன் பிறகு பேச்சு போய்விட்டது. அவர் சொல்கேட்டு அசைந்தவை கழுத்தும் கண்ணிமையும், கொஞ்சம் நாக்கும் மட்டும்தான். முன்னறையில் ஜன்னலோரம் அவருக்குக் கட்டில் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை இறக்கி, இஸ்திரி மேஜையை அங்கே போட்டுக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டே எட்டில் உள்ளே போய்விடலாம். நாலு வருடம் இப்படிப் போனது. புண்ணுக்குப் போடும் மருந்தும் ஈர மெத்தையும் மூத்திரமுமாகச் சேர்ந்த வாடை ஜன்னல் வழியே வந்து, தேய்த்த துணியில் உட்காரத் தொடங்கியது. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். "கோவிச்சுக்காதம்மா, புடவையை விரிச்சா ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. கிளாஸ்ல பிள்ளைங்க மூக்கைப் பொத்துதுங்க." டீச்சருக்கு வாய்தான் கத்தி, மனசு பஞ்சு. ஆனாலும் இஸ்திரியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. வாடிக்கை போனால் மாத்திரை போகும். கம்பி வேலி நெடுக வாசனையாக ஒரு கொடியை ஏற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள்.

நர்சரிக்காரர் பொறுமைசாலி. வேலிக்கு என்று கேட்டதும் மூன்று கொடிகளைக் காட்டினார். சிவப்புக் கொடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூ, வாசனை மருந்துக்கும் இல்லை. வெள்ளைக் கொடி தெருவையே மணக்க வைக்கும், ஆனால் உடம்பெல்லாம் முள். வேலியோரம் தொங்கவிடும் சட்டைகளைக் கிழித்து நாராக்கிவிடும். மூன்றாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெயர்ச் சீட்டு மழையில் அழிந்துபோய் நின்றது. முள் குறைவு. ஒரே ஒரு பூ. "பத்து மணிக்குள்ள மோந்து பாத்துடுங்கம்மா. வெயில் ஏறிட்டா ரோஜா வாசனையை உள்ள இழுத்துக்கும்" என்றார். நாலு வருடம் நோயாளி அறையில் கிடந்து மரத்துப்போன மூக்கை அவள் பூவுக்குள் புதைத்தாள். கிராம்பு. அசல் கிராம்பு வாசனை. சில ரோஜாக்கள் அப்படி மணக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. திரும்பி அந்த மனிதரைக் கொஞ்சம் மோந்து பார்த்திருக்கலாம். பல்வலிக்காக அவர் மாதக் கணக்கில் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தார். கிளையை நிமிர்த்திக் கட்டாமல் படுக்கப் போட்டுக் கட்டச் சொல்லி, தொட்டியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தெரு சும்மா இருந்துவிடவில்லை. கறிக்கடைக்காரர் வந்து கொடியை அடியோடு வெட்டினார். மறுநாள் காலை அது அதே கம்பியில், அவள் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்த அதே முடிச்சுகளோடு இருந்தது. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு கடை திறக்கப் போய்விட்டார். வக்கீல் குமாஸ்தா இருபது வருடமாகப் போட்ட சென்ட்டை நிறுத்திவிட்டு வேப்பெண்ணெய் பூசித் திரிந்தார். அவருக்கான பூ வேப்பெண்ணெய் வாசனையோடுதான் வந்தது. பூவில் தன் சோப்பு மணத்ததும், ஒரு மருமகன் கொடியைக் குழப்பிவிடலாமென்று தன் சோப்பிலேயே ஒரு டஜன் வாங்கி மாமியாருக்குப் பரிசளித்தான். அவன் போன அன்று அவள் குளித்ததும் அதே சோப்பில்தான். இன்றும் குத்துக்கல்லாக இருக்கிறாள். கடைசியில் டீச்சர்தான் பஞ்சாயத்தை முடித்தார். "பரீட்சைத் தேதி முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே? ஏன் இப்படி அலறுறீங்க?" ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். மொட்டு விட்டால் வரிசையாக வந்து மோந்தார்கள். அந்த ஒன்பது நாளுக்குள், பேசாதிருந்தவர்கள் பேசினார்கள், பீரோச் சாவி கைமாறியது.

இஸ்திரியக்காவுக்கு மட்டும் அது பழகவே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல் இருந்தது, அதை வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும். தனக்கு முன்னால் அவர் போய்விட வேண்டும். ஒரு நாள் முன்னால் போனாலும் போதும். பிள்ளை குட்டி கிடையாது. அவருடைய அண்ணன் ஒரு முறை பார்க்க வந்து, ஐந்து நிமிடம் அழுதுவிட்டு, கொல்லையில் கிடந்த லாரி டயரை உருட்டிக்கொண்டு போனதோடு சரி. தான் இல்லாவிட்டால் இந்த மனிதரை யார் புரட்டிப் போடுவார்கள், யார் வாயில் தண்ணீர் விடுவார்கள்? ஈ மொய்க்கக் கிடந்து சாவார். ஆகவே ஒவ்வொரு மொட்டுக்கும் அவள் வேலிக்குப் போனாள். புண் மருந்து வாடை அடித்துவிடக்கூடாதே என்றும் பயந்தாள், அடிக்காமல் போகிறதே என்றும் நொந்தாள். அவள் அவரை உயிராக நேசித்தாள். அவர் சாவுக்காகப் பதினோரு முறை காத்திருந்தாள்.

பன்னிரண்டாவது பூ விரிந்த காலை, மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது பூ. கொடிக்கு வயதாகிவிட்டது, வாசனை தீர்ந்துவிட்டது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உள்ளே ஓடி, "என்னங்க, இந்தத் தடவை யாருமில்லீங்க" என்றாள். டிரைவர் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்தார். கண்ணில் நீர் வடிந்தது. தூசி விழுந்திருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள். வேலியோரம் நின்று மூக்கை இழுத்தார்கள். யாரும் துணி கொண்டுவரவில்லை. கொடுத்திருந்ததையும், "பரவாயில்லக்கா, தேய்க்காமலே குடுங்க" என்று தலையைக் குனிந்தபடி வாங்கிப் போனார்கள். பதினோரு மணிக்கு டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தார்.

"இவருக்கு மாத்திரை எத்தனை மணிக்கும்மா?"

"ஏன் டீச்சர் கேக்குறீங்க?"

டீச்சர் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பூ என்ன வாசனை அடிக்குது டீச்சர்?"

"கஞ்சி போட்ட துணி" என்றார் டீச்சர். "சூடா, தேய்ச்ச கையோட எடுத்த மாதிரி."

தன் வாசனை தன் மூக்குக்கு எட்டாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தாள். கடவுளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். "ஒரு நாள்தானே கேட்டேன்! ஒரே ஒரு நாள்!" என்று கத்தினாள்.  டீச்சர் சிதறிய கரியைக் கூட்டி அள்ளிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "அழுதது போதும்மா. எனக்குக் கத்துக்குடு."

எட்டு நாள் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைத்துத் துப்புவார், ஏமாறக்கூடாது. கண்ணை ஒரு முறை மூடினால் சரி, இரண்டு முறை மூடினால் வேண்டாம். டீச்சர் எல்லாவற்றையும் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இருந்தும் இடப்பக்கம் புரட்டும்போது தோளைப் பிடிக்க மறந்துகொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம், "தோளு டீச்சர், தோளு" என்று சொல்லிக்கொண்டே இஸ்திரியக்கா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

பத்தாம் நாள் காலை டீச்சர் வந்து, தோளைப் பிடித்து டிரைவரை இடப்பக்கம் புரட்டினார். தலையணை வைத்தார். மாத்திரை கொடுத்து நாக்கடியைப் பார்த்தார். வெளியே கூரையடியில் மேஜை காலியாகக் கிடந்தது. காற்று குளிர்ந்திருந்தது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார். டிரைவர் கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தார். பூ வாட இன்னும் இரண்டு நாள் இருந்தது. டீச்சர் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு, பள்ளிக்கு நேரமானதால், இடைவேளையில் வந்து புரட்டுவதாகச் சொல்லிக் கிளம்பினார்.