மூணாவது தடவை கூப்பிட்டால்

இந்தப் பூமியில் செத்துப்போனவருக்குக் கஸ்டமர் சர்வீஸ் செய்த ஒரே ஆள் நான்தான். அதுவும் விஜயநகரில், மின்விசிறிக்குக் கீழே, பனியனோடு உட்கார்ந்து, லைவ் சாட்டில். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். என் தங்கை மகன் செந்தில்நாதன் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவன்.

செந்தில் காது மிஷின் கடை வைத்திருக்கிறான். காது கேட்காதவர்கள் புகார் சொல்லப் போன் நம்பர் கொடுத்த மகான் அவன். அவர்கள் கூப்பிட்டால் என்ன ஆகும்? ஒரு பெரியவர் கத்திய கத்தலில் எங்கள் தெருவுக்கே அவருடைய புகார் மனப்பாடம். நாங்கள் சொன்ன பதில்தான் அவர் காதில் விழவில்லை. அப்புறம்தான் கடையின் வெப்சைட்டில் சாட் பெட்டி வந்தது. வேலைக்காலம் முழுக்க டெலிபோன் ஆபீஸில் புகார் கேட்டே ரிட்டயர் ஆனவன் நான். என்னை அதில் உட்கார வைத்தான்.

என் சட்டம் சுலபம். கேட்டவர் மூச்சு விடுவதற்குள் பதில் போக வேண்டும். அவர் போதும் என்கிறவரை பெட்டியை மூடக்கூடாது. நான் தட்டிய வேகத்தில் சாமுண்டி மலை நந்தியே ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்ததாகக் கேள்வி.

அப்போது வந்தார் நாச்சம்மாள். ராமாபுரத்துக்காரர், பக்கத்து லேஅவுட்டில் தனியாக இருக்கிறார். அவர் அனுப்பியது இது: "மிஷினுக்குள்ள ஆரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. மத்தியானத்துல. ரெண்டே தரம்."

பேட்டரி, அழுக்கு, பக்கத்து வீட்டு டிவி என்று வரிசையாகக் கேட்டேன். எதுவுமில்லை. குரல் அவர் வீட்டுக்காரர் அய்யாசாமியுடையதாம். அய்யாசாமி போய் வருஷமாகிவிட்டதாம். பயத்தில் உடனே மிஷினைப் பிடுங்கி வைத்துவிடுகிறாராம். என் உடம்பில் மயிர் சிலிர்த்த வேகத்தில் பனியனில் நான்கு ஓட்டை.

ஆனாலும் சர்வீஸ் என்றால் சர்வீஸ். இந்தப் பக்கத்துக் கிராமங்களில், பேர் சொல்லிக் கூப்பிட்டு வரும் பேய்க்காகக் கதவில் 'நாளெ பா' என்று எழுதி வைப்பார்கள். கன்னடத்தில் நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் அதைப் படித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகும். மிஷினைக் கழற்ற வேண்டாம், இரண்டாவது தடவை கூப்பிட்டதும் அதைச் சொல்லுங்கள் என்று எழுதினேன். சொல்லியிருக்கிறார். போயிட்டாருங்க என்று நன்றியும் வந்தது. தட்டச்சிலேயே பேய் ஓட்டியவன் என்று நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் பெட்டி திறந்தது. மறுபடியும் வந்துவிட்டாராம். வராமல்? நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பியதே நான்தானே. எந்த ஆபீஸிலும் இவ்வளவு ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. தினமும் வந்தார், தினமும் இரண்டு தடவை கூப்பிட்டார், தினமும் அந்த அம்மா திருப்பி அனுப்பினார்.

பிறகு ஒருநாள் பெட்டியில் மூன்று புள்ளிகள் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன. எழுதுவார், அழிப்பார், எழுதுவார். பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி முதுகு குளிர்ந்தது. கடைசியில் வந்தது.

"அன்னைக்குக் குளியலறையில விழுந்தவரு என்னைக் கூப்பிட்டிருப்பாருங்க. அப்ப எங்கிட்ட மிஷின் இல்லை. ரெண்டு தரத்துக்கு மேல அவரால முடிஞ்சிருக்காது. பேய் மூணாந்தரம் கூப்பிடாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. மூணாந்தரம் கேட்டா அது அவரேதான். ஏனுங்கன்னு ஒரு பதில் சொல்லிருவேன். இனி நாளெ பா சொல்ல மாட்டேன்."

ஒரு நாளைக்கு நூறு பொய் உருளும் என் விரல்களுக்கு அப்போது ஒன்றுகூட வரவில்லை. "ஆமாம்மா, இனி அதைச் சொல்லாதீங்க" என்று மட்டும் அடித்தேன்.

செந்தில் இதையெல்லாம் படித்துவிட்டான். மிஷின் எங்கிருந்தோ வரும் அலையைப் பிடிக்கிறது, பெங்களூரு கம்பெனி அதைத் திருப்பிக் கேட்கிறது, நாளைக்கே புதியதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன் என்றான். எடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்கு மூணாவது தடவை கிடையாதேடா என்றேன்.

"மூணாவதும் கிடையாது, மொதலாவதும் கிடையாது மாமா. ஒரு பாவப்பட்ட அம்மாவைப் பெட்டிக்குள்ள உக்காந்து ஏமாத்திட்டிருக்கீங்க."

சுருக்கென்றது. ஆனாலும் அவன் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

உச்சி வெயிலிலும் அந்த வீடு சில்லென்றிருந்தது. குளியலறைக் கதவில் பூட்டு. அவர் போனதிலிருந்து திறக்கவில்லையாம், குளியல் எல்லாம் பின்பக்கக் குழாயடியில். இருந்தும் கதவிடுக்கிலிருந்து ஈர சோப்பு வாசனை வந்தது. இதில் மிகைப்படுத்தல் இல்லை.

நாச்சம்மாள் காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். எடுத்துட்டுப் போயிராதீங்க தம்பி என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஒருமுறை சோதித்துப் பார்க்கிறேன் என்று செந்தில் நயமாகப் பேசி வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டான். புதிய மிஷின் அவன் மடியில் தயாராக இருந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் தலை மெல்ல அந்தக் கதவுப் பக்கம் திரும்பியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே காக்கைகூடக் கரையவில்லை. பூட்டு தானாக ஆடியது, சங்கிலி போலக் குலுங்கியது என்பேன். அதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு இன்னொரு தடவை தூக்கிப்போட்டது. மிஷினைக் கழற்றி அவனே அந்த அம்மாவின் காதில் வைத்தான். சீக்கிரங்கம்மா, சீக்கிரம் என்றான்.

நாச்சம்மாள் தலையைச் சாய்த்தார். அவர் முகம் மெல்ல, மிக மெல்ல, இளகியது.

"ஏனுங்க," என்றார் கதவைப் பார்த்து. "இங்கதானுங்க இருக்கேன்."

செந்தில் புதிய மிஷினை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் கம்பெனியின் சாட்டில் மனிஷா என்ற பெண், பழைய மிஷின் ஏன் வரவில்லை என்று கேட்டாள். நான் விரலைச் சொடுக்கிக்கொண்டு தயாரானேன். செந்தில் என்னை நாற்காலியோடு தள்ளிவிட்டுத் தானே தட்டினான். மிஷினில் பழுதில்லை, அது கஸ்டமரிடமே இருக்கட்டும் என்று எழுதினான். அப்படியானால் அவர் புகாரில் சொன்ன குரல் என்ன ஆனது என்று அவள் விடாமல் கேட்டாள்.

என் மருமகன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுதினான்: "கூப்பிட்டது உண்மை. முதல் ரெண்டு தடவையும் என் காதில்தான் விழுந்தது."